கேஸ் ஹீட்டர்: தண்ணீர் கொதிக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வருகிறது. சுகமாகக் குளிக்க 38 முதல் 41 டிகிரி போதும். ஆக, ஹீட்டர் ஏற்ற வேண்டியது 10 முதல் 13 டிகிரிதான். ஆனால் இங்கே விற்கும் கேஸ் ஹீட்டர்களில் பலவும் குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரைக் காய்ச்ச வேண்டிய ஊர்களை நினைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் மிகச் சிறிய தீயே நமக்குப் பல நேரம் அதிகம். தண்ணீர் கொதிக்கிறது, குளித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்ந்துவிடுகிறது, சத்தம் வருகிறது ஆனால் தீ பிடிக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன: தீயின் அளவுக்கும் ஓடுகிற தண்ணீரின் அளவுக்கும் பொருத்தமில்லை. ஹீட்டரில் இருக்கும் குமிழைப் போலவே ஷவர் தலையும் சூட்டைத் தீர்மானிக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுதுகளை ஆளைக் கூப்பிடாமலே கண்டுபிடிக்கலாம்.

கீழே சொல்வது எல்லாம் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், ஓடும்போதே சூடாக்கும் கேஸ் ஹீட்டருக்கு. குளியலறைச் சுவரில் மாட்டும் மின்சார ஹீட்டருக்கு இது பொருந்தாது.

முதலில்: இந்த அறிகுறிகள் இருந்தால் சரிசெய்ய முயல வேண்டாம்

கேஸ் வாடை வந்தால் விளக்கு, மின்விசிறி, கைப்பேசி எதையும் அந்த இடத்தில் தொடாதீர்கள். வால்வை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, வீட்டை விட்டு வெளியே வந்தபின் கேஸ் பில்லில் அச்சிட்டிருக்கும் 24 மணி நேர அவசர எண்ணையோ, நெருப்பு அபாயம் தெரிந்தால் 995ஐயோ அழையுங்கள். குழாய் வழியே வரும் நகர எரிவாயுவில் பாதியளவு ஹைட்ரஜன். அது காற்றைவிட லேசு, மேலே போய்விடும். சிலிண்டர் கேஸ் கனம். தரையோடு படிந்து, யார்டு (துணி காயப்போடும் பின்கட்டு) மூலையிலும் சமையலறை அலமாரி அடியிலும் தங்கும். சிலிண்டர் வைத்திருப்பவர்கள் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது. தரைமட்டத்தில் காற்று ஓடும்படி கதவையும் திறக்க வேண்டும்.

தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக நெளிந்தால், புகைபோக்கி வாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தால், பற்றும்போது ‘டப்’ என்று வெடித்துப் பற்றினால், குளித்து வருபவருக்கோ சமையலறையில் நிற்பவருக்கோ தலைவலியும் குமட்டலும் வந்தால், ஹீட்டரை நிறுத்திவிடுங்கள். கேஸ் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு வாசனை கிடையாது. புகைமூட்ட நாள்களிலும் சாரல் அடிக்கும்போதும் யார்டு ஜன்னல்களை இறுக்கச் சாத்திவிட்டு ஹீட்டரைப் போடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஈரத் துணி தொங்கும் கழியைப் புகைபோக்கிக்கு எதிரே நீட்டி வைப்பதும் அப்படித்தான்.

கேஸ் குழாய், வால்வு, பர்னர், கேஸ் பீய்ச்சும் முனைகள் ஆகியவற்றில் கை வைப்பது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரின் வேலை. பேட்டரி மாற்றுவது, ஷவர் தலையைக் கழுவுவது, குமிழைத் திருப்புவது, தண்ணீர் வடிகட்டியைச் சுத்தம் செய்வது ஆகியவற்றை வீட்டுக்காரர் செய்யலாம்.

எத்தனை டிகிரி வைப்பது

60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலை ஏறத்தாழ 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். 55 டிகிரியில் அரை நிமிடம் போலப் பிடிக்கும். 50 டிகிரியில் சுமார் ஐந்து நிமிடம். சிறு குழந்தைகளின் தோல் மெல்லியது. இந்த நேரம் அவர்களுக்கு இன்னும் சுருங்கும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது. அவர்கள் விஷயத்தில் ‘தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கை உதவாது.

ஆகவே இரண்டு எண்கள். வழக்கமாகக் குளிக்கும்போது ஷவரில் 40, மிஞ்சிப்போனால் 42. எதிர்பாராமல் தண்ணீர் வேகம் குறையும் மிக மோசமான நேரத்திலும் 48ஐத் தாண்டக்கூடாது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் யாரும் அளந்து பார்ப்பதில்லை. பச்சைக் குழந்தையின் குளியல் நீர் 37 முதல் 38. பிள்ளை பெற்றவருக்கு வேதுத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும் என்று பாட்டிமார் ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டு, அடுத்ததாகக் குழந்தையை அதே குழாயடிக்குக் கொண்டுவருவது நடக்கக்கூடிய விபத்து. வேதுக்கு வேண்டுமானால் அடுப்பில் தனியாகக் காய்ச்சி விளாவிக்கொள்ளுங்கள். ஹீட்டர் குமிழ் நகரவேண்டாம்.

கிருமி சாக 60 டிகிரி வேண்டும் என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். அது தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹீட்டருக்குச் சரி. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் பெருகும். ஓடும்போதே சூடாக்கும் ஹீட்டரில் தேங்கி நிற்கும் தண்ணீர் மிகக் குறைவு. நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் போதும். அதற்காக 60ல் வைக்க வேண்டியதில்லை.

அளக்காமல் சரிசெய்ய முடியாது

தேவையானவை: சமையலுக்கு வைத்திருக்கும் வெப்பமானி ஒன்று, ஒரு லிட்டர் அளவுக் குவளை, கைப்பேசியில் விநாடி மணி.

குளிர்ந்த பக்கத்தை முழுக்க மூடி, சுடுநீரை முழுக்கத் திறந்து, குவளை நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 60ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிடும். 10 விநாடி என்றால் 6 லிட்டர். 20 விநாடி என்றால் 3 லிட்டர்.

இனி ஹீட்டரின் குறிப்பேட்டில் குறைந்தபட்ச வெப்பத் திறன் எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். அந்த எண்ணை 14.3ஆல் பெருக்கி, லிட்டர் கணக்கால் வகுத்தால் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறும் என்பது வரும். குறைந்தபட்சம் 5 கிலோவாட் உள்ள ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் நீர் 28 டிகிரி.

நிமிடத்துக்கு 7 லிட்டர்: 38 டிகிரி
6 லிட்டர்: 40 டிகிரி
5 லிட்டர்: 42 டிகிரி
4 லிட்டர்: 46 டிகிரி
3 லிட்டர்: 52 டிகிரி

குமிழ் ஒரே இடத்தில், அதுவும் ஆகக் குறைந்த இடத்தில் இருக்கிறது. தண்ணீர் பாதியாகக் குறைந்ததும் 40 டிகிரி 52 ஆகிவிட்டது. திரையில் 40 என்று காட்டும் எண்முறை ஹீட்டருக்கும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. அதன் கணினி தீயைக் குறைக்கும். ஆகச் சிறிய தீயையும் எட்டியபின் அதற்குமேல் குறைக்க என்ன இருக்கிறது? நல்ல வகைகள் தீயை அணைத்துவிடும். அது இன்னொரு புகாராக உங்களிடம் வந்து சேரும்.

சரியாக அமைக்கும் முறை

பேட்டரியால் பற்றவைக்கும் ஹீட்டர்களில் பொதுவாக இரண்டு குமிழ்கள்: ஒன்று தீ, ஒன்று தண்ணீர். தண்ணீர்க் குமிழில் ‘சூடு’ என்று போட்டிருக்கும் பக்கம் திருப்பினால் தீ கூடுவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துத் திருப்புவதால்தான் அளவு பிடிபடாமல் போகிறது. சில வகைகளில் கோடை, குளிர்காலம் என்று மூன்றாவது குமிழ் ஒன்றும் இருக்கும். அது பர்னரில் எத்தனை வரிசை எரிய வேண்டும் என்று மாற்றுவது. சிங்கப்பூரில் அது எப்போதும் கோடைப் பக்கமே இருக்கட்டும்.

1. வீட்டில் வேறு எந்தக் குழாயும் திறந்திருக்கக்கூடாது. வாஷிங் மெஷினும் ஓடக்கூடாது.
2. தண்ணீர்க் குமிழை முழு ஓட்டத்துக்கும் தீக் குமிழை ஆகக் குறைவுக்கும் வையுங்கள்.
3. ஷவரில் சுடுநீரை மட்டும் முழுக்கத் திறந்து 2 நிமிடம் விடுங்கள். குவளையில் தண்ணீர் விழுந்து வழிந்துகொண்டிருக்கும்போதே வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். தேங்கிய நீரில் அளந்தால் இரண்டு மூன்று டிகிரி குறைத்துக் காட்டும்.
4. 40 வரவில்லையென்றால் தீக் குமிழைக் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து அளக்கவும். 40 வந்ததும் நிறுத்திவிடுங்கள்.
5. ஷவர்க் குழாயைப் பாதியாக மூடி மீண்டும் அளக்கவும். இதுதான் அந்த மோசமான நேரத்துக்கான எண். 48க்கு மேல் போனால் கீழே முதல் அறிகுறிக்குச் செல்லவும்.
6. குழாயை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, முதலில் வரும் குவளையையும் அளக்கவும். அது ஏன் என்பது பின்னால் வருகிறது.
7. குமிழ் இருக்கும் இடத்தில் அழியாத மையால் கோடு போடுங்கள். வீட்டில் பணிப்பெண்ணோ முதியவரோ இருந்தால் சொல்லியும் வையுங்கள்.

குளிக்கும்போது குளிர்நீரைக் கலக்காமல் சுடுநீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து குளிப்பதே இந்த அமைப்பின் நோக்கம். ஹீட்டரைக் கூட்டி வைத்துக் குழாயில் விளாவிக்கொள்வது வாளிக் குளியல் காலத்துப் பழக்கம். ஓடும்போதே சூடாக்கும் ஹீட்டருக்கு அது ஒத்துவராது. காரணத்தை இரண்டாம் அறிகுறியில் பார்ப்போம்.

அறிகுறி 1: ஆகக் குறைவில் வைத்தும் சுடுகிறது

தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. வேறு எதைத் தேடுவதற்கு முன்பும் இதைத்தான் பார்க்க வேண்டும், எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழலில் ஓடவிட்டு அளந்து பாருங்கள். தண்ணீர் பெருகிச் சூடு இறங்கினால் குற்றவாளி ஷவர் தலை. துளைகளில் மண், துரு அடைத்திருந்தால் வினிகரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். அடைப்பு எதுவும் இல்லையென்றால் அது மிகச் சிக்கனமான தலையாக இருக்கும். நீர்ச் சிக்கன ஒட்டுச்சீட்டில் மூன்று டிக் வாங்கிய ஷவர் நிமிடத்துக்கு 5 லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. இரண்டு டிக் என்றால் 5க்கு மேல் 7 வரை. ஒரு டிக் 7க்கு மேல் 9 வரை. கேஸ் ஹீட்டருக்கு இரண்டு டிக் தலையே பொருத்தம். 3 லிட்டர் மட்டும் விடும் ‘ஸ்பா’ தலைகளை வாங்கி மாட்டிவிட்டு ஹீட்டரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து, ஹீட்டருக்குக் குளிர்நீர் நுழையும் இடத்தில் இருக்கும் வடிகட்டி. கேஸ் வால்வை மூடுங்கள், தண்ணீர் வால்வை மூடுங்கள், ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். பல வகைகளில் ஒரு நாணயத்தாலேயே திருகக்கூடிய மூடி இருக்கும். உள்ளே விரல் நுனி அளவு வலை. கழுவி, ரப்பர் வளையம் மடங்காமல் திரும்பப் போடுங்கள். புளோக்கில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்த பிறகோ பக்கத்தில் குழாய் வேலை நடந்த பிறகோ சூடு திடீரென ஏறியிருந்தால் நேராக இங்கேயே வந்துவிடலாம். அடைப்பு என்றால் தண்ணீர் சூடாகாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: ஓட்டம் குறையக் குறையத் தண்ணீர் கொதிக்கும், மேலும் குறைந்தால் தீயே பற்றாது.

சுவரோரக் கோண வால்வு அரைகுறையாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கசிவுக்காக யாரோ மூடி, திரும்பத் திறக்க மறந்த வால்வு இது.

எல்லாம் சரி, 6 லிட்டரும் ஓடுகிறது, இன்னும் 45 என்றால் ஹீட்டர் பெரிதாக வாங்கப்பட்டிருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 10 லிட்டர் என்பது, நிமிடத்துக்கு 10 லிட்டரை 25 டிகிரி ஏற்றும் என்று பொருள். ஏறத்தாழ 17 கிலோவாட். 28 டிகிரித் தண்ணீரை அது முழுத் திறனில் 53க்குக் கொண்டுபோகும். ஒரு குளியலறைக்கு இதுவே மிச்சம். 16 லிட்டர் வாங்கினால் நன்றாகச் சுடும் என்று கடையில் சொல்வார்கள், நன்றாகத்தான் சுடும். வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்க்காமல் குறைந்தபட்சக் கிலோவாட்டைக் கேளுங்கள். அது எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு இந்த ஊருக்கு நல்லது.

கடைசியாக ஒரு சந்தேகம், ஆனால் ஆபத்தானது: நகர எரிவாயுவுக்கான ஹீட்டரைச் சிலிண்டரில் இணைத்திருப்பது. சிலிண்டர் கேஸின் வெப்பம் கன அளவுக்குக் கன அளவு பல மடங்கு அதிகம். முனைத் துளைகள் அதற்கேற்றவை அல்ல என்பதால் தீ பெரிதாக, மஞ்சளாக, கரியோடு எரியும். பழைய ஹீட்டரை வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தால் பக்கவாட்டுத் தகட்டில் எந்த கேஸ் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பொருந்தவில்லையென்றால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி 2: சூடாக வந்து, குளிர்ந்து, மறுபடி கொதிக்கிறது

ஹீட்டர் 60ல் இருக்கிறது. நீங்கள் குழாயில் குளிர்நீரைக் கலந்து 40 ஆக்குகிறீர்கள். ஷவரில் மொத்தம் 6 லிட்டர். 28ஐயும் 60ஐயும் கலந்து 40 வரவேண்டுமானால் அதில் எட்டில் மூன்று பங்குதான் சுடுநீர், அதாவது நிமிடத்துக்கு இரண்டேகால் லிட்டர். பெரும்பாலான ஹீட்டர்கள் தீ பிடிக்க 2.5 முதல் 3 லிட்டர் வரை கேட்கின்றன. ஓட்டம் போதாமல் தீ அணைகிறது. பச்சைத் தண்ணீர் வருகிறது. நீங்கள் சுடுநீர்ப் பக்கம் திருப்புகிறீர்கள். ஓட்டம் கூடித் தீ பற்றுகிறது, தண்ணீர் கொதிக்கிறது, மறுபடி குளிர்ப் பக்கம் திருப்புகிறீர்கள். இது ஹீட்டரின் பழுதல்ல. மேலே சொன்ன முறையில் 40க்கு அமைத்துவிட்டு, கலக்காமல் குளித்தால் நின்றுவிடும்.

அப்படியும் நிற்கவில்லையென்றால் கைத்தெளிப்பானைப் பாருங்கள். கலவைக் குழாயில் இரண்டு பக்கமும் திறந்தபடி இருக்க, நுனியில் உள்ள விசையை மட்டும் மூடித் தொங்கவிடும் வீடுகளில் குளிர்நீர் அந்தக் குழாய் வழியாகச் சுடுநீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். ஷவரைத் திறக்கும்போது தண்ணீரில் ஒரு பகுதி ஹீட்டரைத் தொடாமலே வந்து சேரும். கலவைக் குழாயையே மூடிவைப்பது முழுத் தீர்வு. முடியாவிட்டால் பிளம்பரிடம் சொல்லி ஒருவழி வால்வு போடச் சொல்லுங்கள்.

யாரோ ஃப்ளஷ் செய்தாலோ வாஷிங் மெஷின் தண்ணீர் இழுத்தாலோ மட்டும் சுடுகிறது என்றால் அழுத்தம் இறங்குகிறது. அந்த நேரம் ஹீட்டர் வழியே போகும் நீர் குறைகிறது. மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள மேல்தளங்களில் இது கூடுதலாகத் தெரியலாம். 40க்குப் பதில் 38ல் அமைப்பது நடைமுறைத் தீர்வு. அந்த இரண்டு டிகிரி உங்கள் பாதுகாப்பு இடைவெளி.

அறிகுறி 3: நிறுத்தி மறுபடி திறந்தால் முதல் சில விநாடி கொதிநீர்

குழாயை மூடியதும் தீ அணைகிறது. ஆனால் ஹீட்டருக்குள் தண்ணீர் ஓடும் செப்புச் சுருளில் சூடு மிச்சமிருக்கிறது. ஓடாமல் நிற்கும் கொஞ்சத் தண்ணீரை அது மேலும் காய்ச்சுகிறது. ஒரு நிமிடத்துக்குள் திறந்தால், நீங்கள் வைத்த அளவைவிட மிகச் சூடான நீர் ஒரு குவளை அளவுக்கு முதலில் வரும். அதன் பின்னால் தீ பற்றும் முன் கடந்துபோன பச்சைத் தண்ணீர். பிறகுதான் வழக்கமான சூடு. தலையில் சோப்புப் போட மூடிவிட்டுத் திறப்பவர்களும், அண்ணன் குளித்து முடித்த கையோடு தம்பியை நிறுத்திக் குளிப்பாட்டுபவர்களும் சுடுபடுவது இங்கேதான்.

இதை எந்தக் குமிழாலும் நீக்க முடியாது. ஷவரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி 10 விநாடி ஓடவிட்டு, கையால் பார்த்தபின் குழந்தையைக் கொண்டுவாருங்கள். வாளியிலோ தொட்டியிலோ குளிப்பாட்டினால் பச்சைத் தண்ணீர் முதலில், சுடுநீர் பிறகு. தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்த பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இந்தப் பத்து விநாடியைத் தாண்டிக் குதிக்கத் தோன்றும், குதிக்காதீர்கள்.

அறிகுறி 4: க்ளிக் க்ளிக் என்கிறது, தீ பிடிக்கவில்லை

க்ளிக் சத்தம் மெதுவாக, விட்டுவிட்டு வந்தால் பேட்டரி. பெரும்பாலும் டி அளவு, 1.5 வோல்ட், இரண்டு. இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது வேண்டாம். நம் ஈரக் காற்றில் பேட்டரி முனைத் தகடுகள் பச்சைப் பூத்துவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

சத்தம் வேகமாக, உறுதியாக வந்தும் பற்றவில்லையென்றால் கேஸ் வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பும் எரியவில்லையென்றால் வால்வு, சிலிண்டர், பில். அடுப்பு எரிந்து ஹீட்டர் மட்டும் எரியவில்லையென்றால் அதற்கென உள்ள தனி வால்வு. வால்வும் திறந்திருந்தால் உரிமம் பெற்றவரை அழைக்க வேண்டியதுதான். மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து முயலாதீர்கள். எரியாத கேஸ் உள்ளே சேர்ந்து ‘டப்’ என்று பற்றும்.

சத்தமே வரவில்லையென்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது பேட்டரி முழுக்கச் செத்துவிட்டது. கைகழுவும் தொட்டியில் மட்டும் இப்படி நடந்தால் அதன் குழாயைப் பாருங்கள்: மூன்று டிக் கைகழுவும் குழாய் நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்லது அதற்கும் குறைவாகத்தான் விடும். ஹீட்டர் விழித்துக்கொள்ள அது காணாது. கை கழுவுவதற்கு 28 டிகிரித் தண்ணீர் போதாதா என்று கேட்டுக்கொள்வது மலிவான தீர்வு.

அறிகுறி 5: நன்றாக எரிந்து நடுவில் அணைந்துவிடுகிறது

சரியாக 20 நிமிடம் போல ஓடி அணைந்தால் அது சில வகைகளில் உள்ள பாதுகாப்புக் கடிகாரம். குழாயை மூடித் திறந்தால் மறுபடி எரியும். பழுது எதுவும் இல்லை.

ஐந்து பத்து நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நேரத்தில் அணைந்தால் கவலைப்பட வேண்டும். அதிகச் சூட்டைத் தடுக்கும் விசை வேலை செய்கிறது. அல்லது காற்றில் ஆக்சிஜன் குறைந்ததை உணரும் கருவி. அல்லது புகைபோக்கியை எதிர்க்காற்று தள்ளுகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஜன்னல் திறந்தால் அணையாமலும் சாத்தினால் அணைந்தும் போனால், அணைத்த கருவி உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று பொருள். எந்தக் காரணத்துக்காகவும் அந்த விசையைக் கழற்றிவிடவோ கம்பியால் இணைத்துத் தாண்டவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். ‘நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன், அணையாது’ என்று சொல்பவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திரையுள்ள வகைகளில் பழுதைக் குறிக்கும் எண் வரும். ரின்னாய் ஹீட்டர்களில் பொதுவாக 11 என்றால் தீ பற்றவில்லை, 12 என்றால் எரிந்த தீ போய்விட்டது, 14ம் 16ம் அதிகச் சூடு, 32 வெளியேறும் நீரின் வெப்ப உணரி, 61 விசிறி. 11க்கும் 12க்கும் கேஸ் வால்வைப் பார்க்கலாம். 14, 16 என்றால் ஓட்டத்தை அளந்து, வடிகட்டியைக் கழுவிப் பார்க்கலாம். திரும்ப வந்தால் நிறுத்திவிடுங்கள். மற்றவை பழுதுபார்ப்பவருடைய வேலை. வேறு நிறுவனத்தின் ஹீட்டருக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அறிகுறி 6: சூடு போதவில்லை

இங்கே இது அபூர்வம். தண்ணீர்க் குமிழ் முழு ஓட்டத்திலும் தீக் குமிழ் ஆகக் குறைவிலும் இருப்பதுதான் பொதுவான காரணம். தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். சிலிண்டர் வீட்டில் கேஸ் தீரும் தறுவாயில் தீ சோர்ந்துவிடும். ஷவரும் சமையலறைக் குழாயும் ஒரே நேரம் திறந்திருந்தால் சூடு இரண்டாகப் பிரியும். அந்த நிலையில் குமிழைக் கூட்டுவதுதான் மிகப் பெரிய தவறு: சமையலறையில் இருப்பவர் குழாயை மூடிய அடுத்த சில விநாடிகளில் குளிப்பவர் தலையில் அத்தனை சூடும் இறங்கும்.

சமையலறையும் குளியலறையும் ஒரே ஹீட்டரில்

பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்குக்கு 45 டிகிரி வேண்டும் என்று ஒருவர், குளிக்க 40 போதும் என்று இன்னொருவர். குமிழைத் தினமும் மாறி மாறித் திருப்பும் வீடுகளில் ஒருநாள் திருப்ப மறப்பது உறுதி. 40லேயே விட்டுவிட்டு, பிசுக்குப் பாத்திரத்துக்குக் கெட்டில் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி ஊறவைப்பதே எங்கள் பரிந்துரை.

சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் ஷவர்க் கலவைக் குழாய் ஒன்று உண்டு. 38 டிகிரியில் ஒரு தடுப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால்தான் மேலே போகும். தொட்டி ஹீட்டருக்கு அது அருமை. ஓடும் ஹீட்டருக்கு யோசிக்க வேண்டும். அது சரியாக வேலை செய்யச் சுடுநீர் பக்கம் ஏறத்தாழ 10 டிகிரி கூடுதலாக, அதாவது 50 பக்கத்தில் வரவேண்டும். அப்போது 6 லிட்டர் ஷவரில் ஹீட்டர் வழியே போவது 3.3 லிட்டர் மட்டுமே. தீ அணையும் எல்லைக்கு அருகில். சமையலறைக் குழாயோ 50ஐ அப்படியே கொட்டும். சிறு குழந்தையோ மரத்த கால் உள்ள முதியவரோ இருந்து, குறைந்தபட்சத் தீ சிறிதாக உள்ள எண்முறை ஹீட்டரும் இருந்தால் மட்டும் போடுங்கள். போட்ட பிறகு பாதி ஓட்டச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சுட்டுவிட்டால்

துணியையும் நகையையும் உடனே கழற்றி, ஓடும் பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், சோயா சாஸ், தோசைமாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும், முகம், கை, இடுப்புக்குக் கீழ் சுட்டாலும், பட்டது குழந்தையானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பழுதுபார்ப்பவரை அழைக்கும்போது

ஹீட்டரின் மாதிரி எண், நகர எரிவாயுவா சிலிண்டரா, ஷவரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், முழு ஓட்டத்தில் எத்தனை டிகிரி, பாதி ஓட்டத்தில் எத்தனை, தீயின் நிறம், திரையில் எண் வந்திருந்தால் அது. இவற்றைச் சொன்னால் வேண்டிய பாகத்தோடு வருவார். பக்கவாட்டுத் தகட்டைக் கைப்பேசியில் படமெடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். வேலை முடிந்ததும், அவர் கிளம்பும் முன்பே வெப்பமானியைக் கையில் எடுத்து, முழு ஓட்டத்திலும் பாதி ஓட்டத்திலும் அவர் எதிரிலேயே அளந்து பாருங்கள். பணம் அதற்குப் பிறகு.